எதற்கு முதலில் பயப்படுவது? புற்றுநோய் பற்றி ஒரு ஓய்வுபெற்ற தாதியின் வரிசை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் என்னைத் தாதியாகத்தான் பார்க்கிறார்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது, கோயில் அன்னதான வரிசையில் நிற்கும்போது என்று எங்கேயும் கேள்வி வரும். "அக்கா, மைக்ரோவேவில் சோறு சூடாக்கினால் கேன்சர் வருமா?" "அலுமினியச் சட்டியைத் தூக்கிப் போட்டுவிடவா?" "முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் கட்டி கரையுமாமே?" கேட்கிறவர் வாயில் பாக்கு இருக்கும். பக்கத்தில் நிற்கும் கணவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருக்கும். அதைப் பற்றி இருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பயப்படுவது தப்பில்லை, ஆனால் அளவு பார்த்துப் பயப்பட வேண்டும். மைக்ரோவேவ் உணவில் உள்ள தண்ணீரைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். மரபணுவை உடைக்கும் வகைக் கதிர் அது இல்லை. அலுமினியப் பாத்திரத்தால் புற்றுநோய் வந்ததாக உறுதியான சான்று இல்லை. முள்சீத்தா இலை எந்த மனிதருக்கும் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. சரி, அந்த மூன்றும் முடிந்தது. இனி எதெது பெரியது, எதை எப்படி மாற்றுவது என்று நான் வரிசைப்படுத்தி வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நம் உடம்பின் செல்கள் ஓயாமல் தங்களைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கின்றன. பாட்டியின் ஊறுகாய்க் குறிப்பை அம்மா கையால் எழுதி, அம்மா எழுதியதைப் பார்த்து மகள் எழுதி, அதைப் பார்த்துப் பேத்தி எழுதினால் எங்கேயாவது ஒரு எழுத்து மாறிவிடும் இல்லையா, அதே மாதிரி மரபணுவிலும் பிழை விழும். பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும், அல்லது அந்தச் செல்லை அழித்துவிடும். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இடங்களிலேயே பல பிழைகள் சேர்ந்துவிட்டால், அந்தச் செல் நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் பெருகும். பக்கத்துத் திசுவுக்குள் புகும், ரத்தம் வழியாக வேறு உறுப்புக்கும் போகும். அதுதான் புற்றுநோய்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பிழைகள் சேர வருஷக்கணக்கில் ஆகும். பெருங்குடலில் வரும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறச் சுமார் 10 ஆண்டுகள் எடுக்கலாம். அதனால்தான் வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது, இடையில் கண்டுபிடித்து வெட்டி எடுக்க நேரமும் கிடைக்கிறது. இன்னொன்று, சில பிழைகள் யார் தவறாலும் விழுவதில்லை. ஒரு சிகரெட்கூடத் தொடாத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. ஆகவே நோய் வந்தவரிடம் போய் "என்ன சாப்பிட்டீங்க?" என்று விசாரணை நடத்தாதீர்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே கோபம் வரும்.

பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் ஏற்படுவது மொத்தப் புற்றுநோயில் 5 முதல் 10 விழுக்காடுதான். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 30 முதல் 50 விழுக்காட்டைத் தடுக்க முடியும். மீதி நம் கையில் இல்லை. கையில் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

முதல் இடம் புகையிலைக்கு

இதற்குப் போட்டியே இல்லை. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. நுரையீரல் மட்டும்தான் பாதிக்கும் என்று நினைக்கிறோம். வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, கணையம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கருப்பை வாய் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூர் ஆண்களிடையே புற்றுநோயால் ஏற்படும் மரணங்களில் நுரையீரல்தான் முன்னால் நிற்கிறது.

இங்கே சட்டம் முடிந்தவரை நெருக்கிவிட்டது. 2019 ஜனவரியிலிருந்து ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் குறித்த இடங்களைத் தவிர எங்கும் புகைக்க முடியாது. 2021 ஜனவரியிலிருந்து 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சிகரெட் விற்கக்கூடாது. மின்சிகரெட்டை 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். "வேப் பாதுகாப்பானது, அது வெறும் ஆவி" என்று சொல்லும் இளைஞர்கள் எங்கள் புளோக்கிலும் இருக்கிறார்கள். அந்த ஆவியில் நிக்கோட்டின் இருக்கிறது, ஃபார்மால்டிஹைட் போன்றவையும் இருக்கின்றன. சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை.

விடுவது எப்படி? வெறும் மன உறுதியை நம்பி இறங்குகிறவர்கள் பலர் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன். மன உறுதி நிலைமைக்குத் தகுந்தபடி மாறும், நிக்கோட்டின் பழக்கம் மாறாது. முதலில் எந்த நேரத்தில் கை பெட்டியைத் தேடுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தே (தேநீர்) குடித்ததும், சாப்பிட்டு முடித்ததும், இரவு வேலையில் இடைவேளை விட்டதும், மேலாளர் திட்டியதும் என்று நாலைந்து நேரம்தான் வரும். அந்த நேரங்களுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்யுங்கள். தேநீரை நின்றுகொண்டு குடிக்காமல் மேசையில் உட்கார்ந்து குடிப்பது, சாப்பிட்டதும் உடனே பல் தேய்ப்பது, இடைவேளையில் புகைக்காத ஆளோடு போய் உட்காருவது. வெறி ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் நிற்கும். கட்டடத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் இறங்கிவிடும்.

அப்புறம், மருந்துக்கடையில் நிக்கோட்டின் பட்டையும் மெல்லும் பசையும் கிடைக்கின்றன. மருந்தாளரிடம் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று உண்மையைச் சொன்னால்தான் சரியான அளவைத் தருவார். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டம் முதல் 28 நாளை இலக்காக வைக்கிறது. 1800 438 2000 என்ற எண்ணில் கூப்பிட்டு ஆலோசகரிடம் பேசலாம். விட்டு 10 ஆண்டு ஆனால், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து சுமார் பாதியாகக் குறைகிறது. அறுபது வயதில் விட்டாலும் லாபம்தான். "இனிமேல் விட்டு என்ன ஆகப்போகுது" என்று மாமாக்கள் சொல்வதற்கு இதுதான் என் பதில்.

வீட்டுக்காரர் பால்கனியில் நின்று புகைத்தாலும் புகை உள்ளே வரும். மற்றவர் விட்ட புகையைச் சுவாசிப்பதாலும் நுரையீரல் புற்றுநோய் வரும்.

பாக்கு, நம் ஆட்கள் மறந்துவிடும் ஒன்று

வெள்ளைக்காரர்கள் எழுதிய கையேடுகளில் இது ஒரு வரியில் போய்விடும். நமக்கு அப்படி விட்டுவிட முடியாது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், வெறும் கொட்டைப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் முடிவு சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று அவர்கள் சொல்லும் முதல் பிரிவில், சிகரெட் இருக்கும் அதே இடத்தில்தான் பாக்கும் இருக்கிறது. "நான் புகையிலை போடுவதில்லையே, வெறும் பாக்குதானே" என்று சொல்லும் அத்தைமார்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்பு வேறு சேர்ந்து வாயின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. குட்கா, கைனி, ஜர்தா போன்றவை 2016 ஆகஸ்ட்டிலிருந்து சிங்கப்பூரில் தடை. ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி முன்னால் வாயை நன்றாகத் திறந்து, நடுவிரல் உள்பட மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கிப் பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்த விரல்கள் இப்போது நுழையவில்லை என்றால், கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகத் தொடங்கியிருக்கலாம். காரம் பட்டால் வாய் எரிவதும் ஒரு அடையாளம். கன்னத்தின் உள்ளே, நாக்கின் ஓரத்தில், நாக்குக்கு அடியில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடமே காட்டலாம். அவர்கள் வாயைப் பார்த்துப் பழகியவர்கள்.

விட முடியாதவர்கள் முதலில் பாக்கைக் கழற்றுங்கள். வாய்க்குப் பழக்கமான வேலை வேண்டும் என்றால் சோம்பு, ஏலக்காய் போட்டுக்கொள்ளலாம். என் மாமியார் கடைசிவரை சோம்புக்குத்தான் மாறினார், தினமும் குறை சொல்லிக்கொண்டே. கல்யாணத் தாம்பூலத்தை நான் எதிர்க்கவில்லை. தட்டில் வைத்துக் கொடுங்கள், மெல்லாமல் இருங்கள்.

மது

மது 1988லேயே முதல் பிரிவில் சேர்க்கப்பட்டது. ஒயினோ, பீரோ, விஸ்கியோ, எல்லாவற்றிலும் இருப்பது அதே எத்தனால்தான். உடம்பு அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, அது மரபணுவைச் சேதப்படுத்துகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடங்களில் தொடர்பு உறுதியாகி இருக்கிறது. சிகரெட்டும் மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டை ஆபத்து ஒன்றோடு ஒன்று கூட்டலாக நிற்காமல் பல மடங்காகப் பெருகும்.

இங்கே சொல்லப்படும் வரம்பு, குடிக்கிறவர்களுக்கு ஒரு நாளில் பெண்ணுக்கு ஒரு பானம், ஆணுக்கு இரண்டு. ஒரு பானம் என்பது சிறிய பீர் டின்னில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கோப்பிக்கடையில் கொண்டுவந்து வைக்கும் பெரிய பாட்டில் ஒன்றே இரண்டைத் தாண்டிவிடும். அந்த வரம்பும் பாதுகாப்பு எல்லை இல்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வளவு வரை ஆபத்தே இல்லை என்று சொல்லும் அளவு கிடையாது என்று 2023ல் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதற்காகத் தொடங்க வேண்டாம்.

எடையும் தட்டும்

அதிக எடை குறைந்தது 13 வகைப் புற்றுநோயோடு தொடர்புடையது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை, பெருங்குடல், கல்லீரல், கணையம், சிறுநீரகம் எல்லாம் அதில் அடக்கம். கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, இன்சுலினை ஏற்றுகிறது, உடம்பில் நிரந்தர அழற்சியை வைத்திருக்கிறது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, 27.5ஐத் தாண்டினால் உயர் ஆபத்து. மேலைநாட்டு அட்டவணையைப் பார்த்து "இன்னும் 25 ஆகலையே" என்று நிம்மதி அடையாதீர்கள். நான் தராசைவிட அளவு நாடாவை நம்புகிறவள். இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. புடவைக்குள் அந்த 80ஐ எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், நாடாவிடம் முடியாது.

"சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி, அதை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்" என்ற வாட்ஸ்அப் தகவலை நம்பாதீர்கள். எல்லாச் செல்களும் சர்க்கரையை எரிக்கின்றன. சர்க்கரை செய்யும் கெடுதல் எடை வழியாகவும் நீரிழிவு வழியாகவும் வருகிறது. நம் சமூகத்தில் நீரிழிவு ஏற்கெனவே அதிகம் என்பதால் குறைக்கக் காரணம் போதுமானது. எளிய வழி கோப்பிக்கடையில் இருக்கிறது. "தே" என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றித் தருவார். "தே சி கோசோங்" என்றால் சீனி இல்லாத பாலோடு வரும், "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லை. ஒரேயடியாக முடியாதவர்கள் "சியூ டாய்" என்று சொல்லிச் சீனியைக் குறைத்து, சில வாரம் கழித்து கோசோங்குக்கு வரலாம். நாக்கு பழகிவிடும், நம்புங்கள். பெட்டியில் அடைத்த பானத்தில் 'நியூட்ரி கிரேட்' என்ற தர எழுத்தைப் பாருங்கள். 2022 டிசம்பர் கடைசியிலிருந்து சி, டி தரப் பானங்களில் அதை அச்சிட்டே ஆகவேண்டும். டி இருந்தால் அலமாரியில் திரும்ப வைத்துவிடுங்கள்.

தே பற்றிப் பேசும்போதே இன்னொன்று. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணம் என்று 2016ல் வகைப்படுத்தினார்கள். கெடுதல் சூட்டில்தான், தேயிலையில் இல்லை. தே தாரிக் இழுத்து ஆற்றித்தான் கொடுக்கிறார்கள், இன்னும் சில நிமிடம் விட்டுக் குடிப்பது நல்லது. டம்ளரை வாங்கியதும் வாயில் கவிழ்க்கும் என் கொழுந்தனார் மாதிரி ஆட்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இறைச்சிக்கு வருவோம். 2015ல் பதப்படுத்திய இறைச்சி முதல் பிரிவில் போனது. உடனே "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று செய்தி பரவியது. அது தவறான கணக்கு. பிரிவு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்தின் அளவை இல்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடும். கணக்குக்காக, 100 பேரில் 5 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 6 பேராகும். சிகரெட் நுரையீரலுக்குச் செய்வதோ பல மடங்கு. ஆகவே பேரன் பிறந்தநாளில் இரண்டு சாசேஜ் சாப்பிட்டதற்கு அழ வேண்டாம். தினமும் பள்ளிக்கு லஞ்சன் மீட், ஹாம், கோழி சாசேஜ் என்று கட்டிக் கொடுப்பதை நிறுத்துங்கள். கோழி என்பதால் அது தப்பித்துவிடாது, பதப்படுத்தும் முறைதான் பிரச்சினை.

சிவப்பு இறைச்சி என்றால் மாடும் பன்றியும்தான் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். ஆட்டிறைச்சியும் அதில் அடக்கம். வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்கு இடமுண்டு, திங்களும் புதனும் வெள்ளியும் மட்டன் சூப் என்றால்தான் எல்லை மீறும்.

என்னதான் சாப்பிடுவது என்று கேட்டால், தட்டில் பாதி காய்கறி, பழம், கால்பகுதி முழுத்தானியம், கால்பகுதி புரதம் என்று சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஆரோக்கியத் தட்டு' படம் சொல்கிறது. நம் சமையலில் தட்டில் முக்கால்வாசி சோறு இருக்கும், பொரியல் ஊறுகாய் அளவுக்கு ஓரமாக இருக்கும். இடத்தை மாற்றிப் போடுங்கள், முதலில் பொரியலையும் கூட்டையும் வைத்து, மிச்சம் இருக்கும் இடத்தில் சோறு. நார்ச்சத்து குடலுக்குக் கிடைக்க சுண்டலைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை என்று மாற்றி மாற்றி மாலைத் தேநீரோடு வைத்தால் கறிபஃப் தானாகவே குறையும். பாதி அரிசிக்குப் பழுப்பரிசி கலக்கலாம், ராகி, கம்பு கூழும் செய்யலாம். நோன்பு மாதத்தில் நம் முஸ்லிம் நண்பர்கள் கொடுக்கும் கஞ்சியை நான் விடுவதில்லை, அது வேறு கதை.

வேர்க்கடலை வாங்குகிறீர்களா? நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம். கறுத்த, சுருங்கிய, கசக்கும் கடலையைத் தூக்கி எறியுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. பெரிய பொட்டலம் மலிவு என்று வாங்கி மாதக்கணக்கில் டப்பாவில் வைக்காமல், கொஞ்சமாக வாங்கி இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

நடப்பு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தெரியாதவர்கள் இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில், அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. மாலையில் ஈசூன் குளத்தைச் சுற்றி அரட்டையடித்துக்கொண்டே நடக்கும் கூட்டத்தில் நானும் உண்டு. பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதவில்லை, பேச முடிந்து பாட முடியாவிட்டால் சரி.

சமையலறைப் புகை பற்றி ஒரு வரி. எண்ணெய் புகைய வறுக்கும்போது வரும் புகையைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். தாளிக்கும்போது சன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டுவிடுங்கள். சாம்பிராணி போடும்போதும் சன்னலைத் திறந்து வையுங்கள்.

ஊசி போட்டுத் தடுக்கக்கூடியவை

இரண்டு புற்றுநோய்களுக்குத் தடுப்பூசியே இருக்கிறது, யாரும் அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. கல்லீரல் அழற்சி பி வைரஸ் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். சிங்கப்பூரில் 1987லிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஊசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களும், வேறு நாட்டில் வளர்ந்து இங்கே வந்தவர்களும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லை, எதிர்ப்பும் இல்லை என்றால் ஊசி. கிருமி இருந்தால் மருத்துவர் முறைப்படி கல்லீரலைக் கண்காணிப்பார்.

எச்பிவி என்ற வைரஸ்தான் கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட அனைத்துக்கும் காரணம். 2019லிருந்து உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இந்த ஊசி போடுகிறார்கள். ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும்போது சில அம்மாக்கள், "என் பிள்ளைக்கு இது எதற்கு, அவள் அப்படிப்பட்டவள் இல்லை" என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிருமியைச் சந்திக்கும் முன் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் அந்த வயது. கையெழுத்துப் போடுங்கள்.

பரிசோதனை: எனக்கு மிகவும் பிடித்த பகுதி

வாழ்க்கை முறையைப் பற்றிக் கட்டுரை எழுதும் பலரும் இதை விட்டுவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குச்சியால் மலத்தைத் தொடுவது ஒரு பழக்கம் என்று நான் எண்ணுகிறேன், நடப்பதைப் போல.

50 வயதுக்கு மேல் ஆண், பெண் இருவருக்கும் பெருங்குடலுக்கான மலப் பரிசோதனை (மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடுவது) ஆண்டுக்கு ஒருமுறை. 50 முதல் 69 வயதுப் பெண்களுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 40களில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். கருப்பை வாய்க்கு, உறவில் ஈடுபட்ட பெண்கள் 25லிருந்து 29 வயதுவரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேப் பரிசோதனை (கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது), 30லிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை. அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொண்டால், பரிந்துரைக்கப்படும் இந்தப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. இலவசமாகக் கொடுத்தும் செய்யாதவர்கள்தான் அதிகம். "தெரிந்தால் பயமாக இருக்கும்" என்பார்கள். தெரியாமல் இருந்தாலும் உள்ளே இருப்பது இருக்கத்தான் செய்யும்.

மலப் பரிசோதனைப் பெட்டியைப் பார்த்தால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், ஆனால் வேலை சில நிமிடம்தான். கழிப்பறையில் தண்ணீர் மேல் கொடுத்த தாளை விரித்துப் போடுங்கள், மலம் தண்ணீரில் விழாமல் அதில் நிற்கும். குழாயின் மூடியோடு ஒட்டிய குச்சியால் மேற்பரப்பில் பல இடத்தில் லேசாகத் தேய்த்து, திரும்பக் குழாய்க்குள் செருகிச் சொடுக்கென்று மூடிவிடுங்கள். நிறைய எடுக்கத் தேவையில்லை. தேதியும் பெயரும் எழுதுங்கள், எழுதாமல் அனுப்பி வீணாவதுண்டு. வேறொரு நாள் இரண்டாவது குழாய். பிறகு கொடுத்த உறையில் போட்டுத் தாமதிக்காமல் அஞ்சலில் சேருங்கள். மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் வரும் நாட்களிலும் எடுக்க வேண்டாம். பழைய முறைபோல இறைச்சியை நிறுத்திப் பத்தியம் இருக்கத் தேவையில்லை.

ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. மூலமாக இருக்கலாம், சதை வளர்ச்சியாக இருக்கலாம். ஆனால் அடுத்த கட்டமான குடல் உள்நோக்கிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். ஒரு புற்றுநோய் தொடங்கும் முன்பே நின்றுபோகிறது என்பது இந்த ஒரு பரிசோதனையில் கண்கூடாகத் தெரியும். அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

தனியார் விளம்பரங்களில் வரும் "முழு உடல் புற்றுக் குறியீட்டு ரத்தச் சோதனை" தொகுப்புகளுக்கு நான் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க மாட்டேன். நோய் அறிகுறியே இல்லாத ஆரோக்கியமான ஆளுக்கு அவை பெரும்பாலும் வீண் பயத்தையும் வீண் ஸ்கேனையும் கொண்டுவரும். மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால் அது வேறு.

பரிசோதனை நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. மார்பில் கட்டி, தோல் குழிவது, காம்பு உள்ளிழுப்பது. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் அல்லது குரல் கம்மல், சளியில் ரத்தம். விழுங்கக் கஷ்டம். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு. காரணமில்லாமல் எடை குறைவது. இதில் எதுவானாலும் பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள், எப்போது தொடங்கியது என்று தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அந்தச் சந்திப்புக்கு ஒரு தாளில் குடும்ப வரலாற்றையும் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு நிறைய உதவும். அப்பா வழி, அம்மா வழி இரண்டும் வேண்டும். மார்பகப் புற்றுநோய் மரபணு அப்பா வழியிலும் வரும். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று மூன்று விவரம் போதும். நம் குடும்பங்களில் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வயிற்று வலியில் போயிட்டார்" என்று முடித்துவிடுவார்கள். ஊரில் இருக்கும் மூத்த அத்தையிடமோ பெரியம்மாவிடமோ தொலைபேசியில் கேட்கும்போது நோயைக் கேட்காமல் சிகிச்சையைக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, ஆபரேஷன் நடந்ததா, முடி கொட்டியதா, 'கரண்ட் வைத்தார்களா' என்று. கரண்ட் என்று சொன்னால் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று எழுதிக்கொள்ளுங்கள். 50 வயதுக்குள் யாருக்காவது வந்திருந்தால், அல்லது ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், தேசியப் புற்றுநோய் நிலையத்தின் மரபணு ஆலோசனைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையா என்று மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.